கண் அசந்தாலும் காக்கும் ஏற்பாடு: வாசகர் கேள்வி–பதில்

குழந்தைகளுக்கு வீட்டிலும் தெருவிலும் வயலிலும் ஏற்படும் காயங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவை இங்கே. குழந்தை மருத்துவம், தீப்புண் சிகிச்சை, முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றில் பழகியவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் குளம். பேரனுக்கு ஒன்றரை வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சமையலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டே அவனையும் நான்தான் பார்க்கிறேன். "கண்ணை எடுக்காமல் பாருங்கள்" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அது நடக்கிற காரியமா?
— ஒரு பாட்டி, திருவாரூர் மாவட்டம்

பதில்: நடக்காதும்மா. சோறு வடிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் யாராலும் கண்ணை எடுக்காமல் இருக்க முடியாது. ஒன்றரை வயதுக் குழந்தை பத்தடியை அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். தண்ணீரில் விழுந்தால் கத்தாது, கூப்பிடாது. அந்த வயதில் தலைதான் கனம். குப்புற விழுந்தால் நிமிரத் தெரியாமல் அப்படியே கிடக்கும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே உங்கள் கண் வேறு பக்கம் போகிற நேரத்தில் குறுக்கே நிற்க ஒரு தடுப்பு வேண்டும்.

பின்வாசலுக்கு ஒரு அரைக்கதவு போடச் சொல்லுங்கள். மூங்கில் பிளாச்சோ பழைய பலகையோ போதும். உயரம் குறைந்தது 80 செ.மீ. சட்டங்களை நெடுக்காக மட்டும் அடிக்க வேண்டும். குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் குறுக்குச் சட்டம் இருந்தால் பிள்ளைக்கு அதுவே ஏணி. இரண்டு சட்டங்களுக்கு இடையே 9 செ.மீ.க்கு மேல் சந்து கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். தரைக்கும் கதவுக்கும் நடுவே 5 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். இவ்வளவும் செய்த வீடுகளிலும் தவறு நடப்பது ஒரே இடத்தில்தான்: போகிற வருகிற பெரியவர்கள் கதவைத் திறந்தே விட்டுவிடுவார்கள். அதனால் கதவு தானாக வந்து மூடிக்கொள்ளும்படி, பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி நிலைக்கும் கதவுக்கும் இழுத்துக் கட்டிவிடுங்கள். இரண்டரை வயது தாண்டினால் 80 செ.மீ. போதாது, ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டும்.

குளம் குட்டை நிறைந்த வங்காளதேசத்தில் இதே பிரச்சினையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில்தான், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் மூழ்குகிறார்கள் என்று தெரிந்தது. அம்மாவுக்கு வேலை குவிகிற நேரம் அது. உடனே அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும், கிராமத்திலேயே ஒரு வீட்டில், பயிற்சி பெற்ற ஒரு பெண் இருபது, இருபத்தைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' என்ற காப்பகங்களைத் தொடங்கினார்கள். அங்கே விடப்பட்ட பிள்ளைகளிடம் நீரில் மூழ்கும் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் ஊர் அங்கன்வாடி இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு வயது ஆன பிறகே சேர்த்துக்கொள்வார்கள். ஆபத்து உச்சத்தில் இருப்பதோ ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். தெருவில் நான்கு வீட்டுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தால், காலை நேரத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். 100 நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு 5 அல்லது அதற்கு மேல் சிறு குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் அதே கூலி தர வேண்டும் என்று எழுதப்பட்டது. கேட்காத ஊரில் அது ஏட்டோடு நின்றுவிட்டது.

குளத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் இருப்பதை மறந்துவிடாதீர்கள். குளியலறை வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே போதும், எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகீழாக உள்ளே போய்விடும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மாட்டுத் தொட்டிக்கும் சம்ப்புக்கும் மூடி போட வேண்டும். செப்டிக் டேங்க் மேல் வைத்திருக்கும் தகரம் மூடி ஆகாது, அது துருப்பிடித்து உடைகிற நாள்தான் தெரியும். கட்டுமானத்துக்கு வெட்டி மழைநீர் தேங்கிய குழியை அன்றன்றே இறைத்துவிடச் சொல்லுங்கள்.

ஆறு வயதிலிருந்து நீச்சல் கற்றுக்கொடுக்கலாம். 25 மீட்டர் நீந்தவும், 30 விநாடி மிதக்கவும் தெரிந்தால் முதல் கட்டம் தேறியதாக வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் காலி கேனோ சுரைக்குடுக்கையோ கட்டிப் பழக்கும்போது கயிறு கீழே நழுவினால் கால் மேலேயும் தலை கீழேயுமாகப் புரட்டிவிடும். நெஞ்சோடு சேர்த்துக் கட்டுவதுதான் சரி.

கேள்வி: தண்ணீரில் மூழ்கி எடுத்த குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினால் குடித்த தண்ணீர் வெளியே வந்து பிழைத்துவிடும் என்கிறார்களே?
— கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: செய்யவே கூடாது. வெளியே வருவது வயிற்றுத் தண்ணீர். குழந்தை சாவது வயிற்றில் தண்ணீர் இருப்பதால் அல்ல, மூளைக்குக் காற்றில்லாததால். சுற்றுகிற ஒவ்வொரு நிமிடமும் மூச்சுக் கொடுக்க வேண்டிய நிமிடம். மேலே வந்த வயிற்றுத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கவும் செய்யும். வயிற்றை அமுக்குவதும் இதே தவறுதான்.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சில்லை, அல்லது எப்போதாவது ஒரு விக்கல்போல் இழுக்கிறது என்றால் உடனே ஆரம்பிக்க வேண்டும். முகவாயைச் சற்றே உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் உங்கள் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, கன்னத்தில் அடக்குகிற அளவு காற்று போதும். ஊதும்போது நெஞ்சு எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் தலை சரியாக இல்லை, திருத்திவிட்டு மறுபடி ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறிச் செய்யுங்கள். நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகிற அளவுக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். கைக்குழந்தைக்கு இரண்டு விரல், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை. நடுவில் வாந்தி வந்தால் ஒருக்களித்துத் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மூச்சு வரும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து அழுதாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரக்கூடும்.

ஒன்று கூடவே: நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதித்து இரண்டு உயிர் போன செய்தியை அடிக்கடி படிக்கிறோம். புடவையையோ நீளக் கழியையோ கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள், மூடிய காலிக் குடத்தைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: தவழுகிற குழந்தை சாம்பார்ப் பாத்திரத்தை இழுத்துக் கவிழ்த்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் பதறிப்போய் பேஸ்ட் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் எங்களைத் திட்டினார்கள். எதுதான் சரி?
— மதுரை வாசகி

பதில்: பட்ட இடத்தின்மேல் 20 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தோலின் மேற்பரப்பு ஆறிவிட்டாலும் உள்ளே இறங்கிய சூடு அடுத்த அடுக்கை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை வெளியே இழுக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் இரண்டு நிமிடம் ஊற்றி, அழுகை கொஞ்சம் அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் குழந்தையை அகலமான பேசினில் உட்காரவைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றி, சேர்கிற சுத்தமான தண்ணீரையே திரும்ப மொண்டு ஊற்றலாம். சுட்டு மூன்று மணி நேரம்வரை இதற்குப் பலன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள், அது ரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆழமாக்கும். கைக்குழந்தைக்குக் குளிர் சீக்கிரம் ஏறும் என்பதால் சுடாத பாகத்தைத் துணியால் போர்த்திவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டே சட்டையைக் கழற்றுங்கள். சாம்பார் ஊறிய துணி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் சுற்றிலும் கத்தரித்துவிடுங்கள். வளையல், கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு வெளுத்த வேட்டித் துணியால் தளர்வாக மூடிக் கொண்டுபோங்கள். பேஸ்ட், மாவு, மஞ்சள், இங்க், நெய் எதைப் பூசினாலும் புண்ணின் ஆழம் டாக்டருக்குத் தெரியாது. அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை படுகிற வேதனை தனி. அதனால்தான் திட்டியிருக்கிறார்கள். ஆனாலும் பதறிப்போன தாயைத் திட்டுவதில் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எவ்வளவு பட்டிருக்கிறது என்று அளக்க, குழந்தையின் சொந்தக் கையே அளவுகோல். விரல்களோடு சேர்ந்த அதன் உள்ளங்கை, உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பத்து உள்ளங்கைக்கு மேல் இருந்தால் உயிருக்கு ஆபத்து; நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் அளவு சிறிதானாலும் ஆஸ்பத்திரிதான். மின்சாரம் தாக்கியதும், ஒரு வயதுக்குக் கீழ் எந்தத் தீப்புண்ணும் அப்படியே. இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆறாத புண்ணுக்குத் தோல் வைக்க வேண்டியிருக்கும். ஆறிய பிறகும் கழுத்து, முழங்கை, விரல் இடுக்குகளில் தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும். சிம்பு (மடங்காமல் நிமிர்த்தி வைக்கும் பட்டை) கட்டுவதையும் பயிற்சியையும் "புண்தான் ஆறிவிட்டதே" என்று பாதியில் விடுவதால்தான் கை மடங்கியே நின்றுபோகிறது. வளர்கிற பிள்ளைக்கு இது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை.

இனி, நடக்காமல் பார்ப்பது. 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் பெரியவர் தோலைச் சுட 5 விநாடி ஆகும், 70 டிகிரியில் ஒரு விநாடி. குழந்தைக்கு இன்னும் குறைவு. கொதித்து இறக்கிய ரசம் 90 டிகிரிக்கு மேல். கால் மணி நேரம் முன் போட்ட டீகூடச் சுடும். சாம்பாரும் பாயசமும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வழியாமல் நிற்பதால் வெந்நீரைவிட மோசமாகப் புண்ணாக்கும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் பாத்திரங்களை நடுக்கூடத்தில் பரப்புவதே பெரும்பாலான விபத்துக்குக் காரணம். சுவரோரமாக, பெரியவர் ஒருவருக்குப் பின்னால் வையுங்கள். அடி உருண்ட பாத்திரத்தைப் பிரிமணைமேல் வைத்தால் இழுத்தாலும் எளிதில் சாயாது. முந்தானையால் பிடித்து இறக்காதீர்கள், இடுக்கி வேண்டும். அடுப்பு தரையிலிருந்து 75 செ.மீ.யாவது உயரத்தில் இருக்கட்டும். மேடை கட்ட வசதியில்லை என்றால் சமையல் கட்டின் வாசலுக்கும் அந்த அரைக்கதவு.

குளிக்க விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரை விடுங்கள். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற அந்தச் சில நொடிகளில் பிள்ளை வாளிக்குள் கைவிட்டுவிடுகிறது. கல்யாண மண்டபத்துச் சமையலறையில் தரையில் இறக்கி வைத்த அண்டாவுக்குள் ஓடிவந்து விழுந்த குழந்தைகள் உண்டு. இறக்கும் அண்டா பெஞ்சின்மேல், மூடியோடு இருக்க வேண்டும் என்பதைச் சமையல்காரரிடம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பிள்ளைகள். யாருக்கும் கதவும் போடவில்லை, ஹெல்மெட்டும் மாட்டவில்லை. ஆயுசு கெட்டி என்றால் பிழைக்கும். இதற்கெல்லாம் இவ்வளவு ஏற்பாடா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: ஐயா, அந்தக் காலத்தில் கிணற்றில் போன பிள்ளையைப் பற்றிப் பிறகு வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, இருப்பவர்களைத்தான் எண்ணினோம். அம்மையும் கக்குவானும் வாரிக்கொண்டு போன காலத்தில் காயச் சாவு கண்ணில் படவுமில்லை. தடுப்பூசி அவற்றை அடக்கிய பிறகு எஞ்சி நிற்பது இதுதான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2008இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு ஏறக்குறைய 8,30,000 பிள்ளைகள் விபத்துக் காயங்களால் இறப்பதாகக் கணக்கிட்டது. அதில் 95 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில். ஆயுசு நாட்டைப் பார்த்தா கெட்டியாகிறது?

ஒரு பொருளை மாற்றினால் விபத்து குறைகிறது என்பதற்கு இலங்கையே சாட்சி. மருந்துப் போத்தலில் திரி போட்ட குப்பி விளக்கு கவிழ்ந்து எத்தனையோ பிள்ளைகள் எரிந்தார்கள். அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர அதற்கு மாற்றாகக் குட்டையான, கனத்த கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். இரண்டு பக்கம் தட்டை, அதனால் சாய்ந்தாலும் உருளாது. மூடி திருகுமூடி, அதனால் எண்ணெய் கொட்டாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எந்தத் தாயையும் "இன்னும் கவனமாக இரு" என்று அவர் சொல்லவில்லை, விளக்கை மாற்றினார்.

கேள்வி: மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது நல்லதுதானே?
— சேலம் வாசகி

பதில்: இல்லை, அதுதான் கொல்லும். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதல் குறைவு. தண்ணீரைவிட எளிதாகப் பரவும் அது, ஒரு துளி மூச்சுக்குழலுக்குள் போனாலும் நுரையீரல் முழுக்கப் படர்ந்து அழற்சியை உண்டாக்கும். விழுங்கும்போது தப்பியது வாந்தியில் உள்ளே போகும். உப்புத் தண்ணீர் ரத்தத்தில் உப்பை ஏற்றித் தனியாக வலிப்பை வரவழைக்கும். எண்ணெய் நனைந்த சட்டையைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமலோ மூச்சிறைப்போ இல்லாவிட்டாலும் குறைந்தது 6 மணி நேரம் அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் இதே முறை.

இவற்றைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடியுள்ள கேன்களை வீடுதோறும் கொடுத்துப் பார்த்தபோது, மண்ணெண்ணெய் குடித்து வரும் குழந்தைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள்.

நீங்கள் கேட்காத இரண்டைச் சேர்த்துக்கொள்கிறோம். பூஜை அறைச் சூடம் மிட்டாய்போல் இருக்கும்; ஒரு கிராம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். எலி பேஸ்ட் இதற்கு நேர்மாறு: முதல் ஓரிரு நாள் குழந்தை நன்றாக விளையாடும், பிறகு கல்லீரல் கெடும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் வைத்திருந்து, கண் மஞ்சளான பிறகு கொண்டுவந்தால் கைமீறிப் போயிருக்கும்.

கேள்வி: மூன்று வயது மகனைப் பைக்கில் முன்னால் டேங்க்மேல் உட்காரவைத்து ஓட்டுகிறேன். கண் முன்னாலேயே இருக்கிறானே, அதுதானே பாதுகாப்பு?
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: திடீர் பிரேக்கில் அவன் நெஞ்சும் வயிறும் ஹேண்டில்பார்மேல் மோதும், பின்னாலிருந்து உங்கள் எடை முழுவதும் அவன்மேல் சரியும். ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் வெளியே சிறு கன்றல்தான் தெரியும். உள்ளே கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கும். ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைப்பதும் இப்படித்தான்.

2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, 9 மாதம் முதல் 4 வயதுவரை உள்ள குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு பிணைக்கும் பெல்ட், குழந்தைக்கு ஹெல்மெட், 40 கி.மீ.க்கு மேற்படாத வேகம் மூன்றையும் கட்டாயமாக்கியது. பெல்ட் 30 கிலோ தாங்க வேண்டும். குழந்தை உங்கள் முதுகுப் பக்கம் உட்கார வேண்டும். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் எல்லாருக்கும் உள்ள சட்டம். 9 மாதத்துக்குக் கீழே பைக்கே வேண்டாம், பஸ்ஸில் போங்கள். ஹெல்மெட் வாங்கும்போது புருவத்துக்குச் சற்று மேலே இஞ்ச் டேப்பால் சுற்றளவு எடுத்து அதே அளவு கேளுங்கள். "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக" என்று வாங்கினால் விழும்போது அது முதலில் கழன்றுவிடும். மாட்டி அசைத்தால் கன்னமும் சேர்ந்து அசைய வேண்டும். தாடை வாருக்குள் ஒரு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. கழுத்து வலிக்கும், எலும்பு வளையும் என்ற பயத்தில் வியட்நாமிலும் பெற்றோர் தயங்கினார்கள். சரியான அளவுள்ள குழந்தை ஹெல்மெட்டால் அப்படி எதுவும் ஆவதில்லை.

பின்னால் உட்காரும் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து, சக்கரக் கம்பி. தொங்கும் கால் ஸ்போக்ஸுக்குள் போனால் குதிகால் தோல் அப்படியே உரிந்துவிடும். சாரி கார்டு ஒரு பக்கம்தான் மறைக்கும். மறுபக்கத்துக்கும் வலை போடுங்கள், ஷூ மாட்டுங்கள். கால் மாட்டிக்கொண்டால் சக்கரத்தைப் பின்னால் சுற்றி இழுக்காதீர்கள். கம்பியை வெட்டி எடுங்கள். வெறும் சிராய்ப்பாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நசுங்கிய தோல் மூன்றாம் நாள்தான் கறுக்கும்.

கேள்வி: தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கிய பேத்திக்குக் கண்ணில் தெறித்துவிட்டது. தாய்ப்பால் விட்டோம். சரியா?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். சுண்ணாம்பு அரிக்கும் காரப்பொருள், கருவிழியைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகும். பார்வை தங்குமா என்பது முதல் சில நிமிடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம் என்பதைப் பொறுத்தது. குழந்தையைத் துணியால் கையோடு சேர்த்துச் சுற்றி, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரை அரைமணி நேரம் விடுங்கள். இதில் தவறுவது மேலிமை. சுண்ணாம்புக் கட்டி அதன் உள்மடிப்பில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். ஈரத் துணி முனையால் கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளை எடுத்துவிட்டு, உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போய், "சுண்ணாம்பு" என்று வாசலிலேயே சொல்லுங்கள். இமையைப் புரட்டிச் சுத்தம் செய்வார்கள். அமுக்கினால் வெடிக்கிற அந்தப் பிளாஸ்டிக் பாக்கெட்டை வீட்டுக்குள் விடாதீர்கள். மூடியுள்ள டப்பா போதும்.

கேள்வி: வேர்க்கடலை எத்தனை வயதில் கொடுக்கலாம்? பொம்மையிலிருந்த வட்டப் பேட்டரியை விழுங்கினால் மலத்தோடு வந்துவிடுமா?
— விருதுநகர் வாசகர்

பதில்: முழுக்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, விதை எடுக்காத சீதாப்பழம் எதுவும் ஐந்து வயதுக்கு முன் வேண்டாம். இடித்துப் பொடியாகக் கொடுங்கள். ஓடிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிடக்கூடாது. அடைத்துக்கொண்டு சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டை நடுவே 5 தட்டு. போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் கைமுட்டியால் உள்நோக்கி மேலாக 5 குத்து. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் குத்தக்கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்சில் இரண்டு விரலால் 5 அழுத்தம். கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரல்விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். புரையேறி நின்ற பிறகும் நாள்கணக்கில் இருமலோ ஒரு பக்கம் வீசிங்கோ இருந்தால் "கடலை சாப்பிட்டபோது ஆரம்பித்தது" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது.

பேட்டரி உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்தில் துளைக்கத் தொடங்கிவிடும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்தில் சுண்ணாம்புபோல் அரிக்கும் காரம் உண்டாகிறது. பழைய பேட்டரியானாலும் இதுதான் கதை. காசு அளவுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி மிக மோசம். உடனே எக்ஸ்ரே. போகும் வழியில், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறைவரை. தேனுக்காகப் பயணத்தைத் தாமதிக்கக்கூடாது. வாந்தி எடுக்கவும் வைக்கக்கூடாது. பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத பொம்மையை வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 300 அடி ஆழ்துளைக் கிணறு (போர்) வற்றிவிட்டது. கல் வைத்துச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறோம். போதுமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: போதாது. சாக்கு ஒரு மழைக்கு மக்கும். கல்லை யாராவது நகர்த்துவார்கள். மண் சரியாமல் இருக்கத் துளையில் இறக்கிய கேசிங் பைப்பை உருவி விற்றிருந்தால் இன்னும் ஆபத்து, மேல்மண் சரிந்து வாய் அகன்றுவிடும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போரில் விழுந்த 2 வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை.

2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, கைவிட்ட போரை அடியிலிருந்து தரை மட்டம்வரை நிரப்ப வேண்டும். களிமண், மணல், கூழாங்கல், துளையிட்டபோது வந்த தூள் எதுவானாலும் சரி. ஆறரை அங்குலத் துளை, 300 அடி என்றால் ஏறக்குறைய 70 கன அடி மண், முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அவசரமாகக் கொட்டினால் மண் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். மேலே நிரம்பியதுபோல் தெரியும். ஆகவே கூடை கூடையாக, இடையிடையே தண்ணீர் விட்டு இறக்குங்கள். உள்ளே போன மண்ணின் கணக்கு 70 கன அடிக்கு வெகுவாகக் குறைந்தால் நடுவில் அடைத்திருக்கிறது என்று பொருள்.

மறுபடி தண்ணீர் வரும் என்று வைத்திருக்க விரும்பினால், பைப் வாயில் இரும்புத் தகடு பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட் நட்டு போட்ட மூடி. சுற்றிலும் 50 செ.மீ. சதுரத்தில் சிமெண்ட் மேடை, தரைக்குக் கீழே 30, மேலே 30 செ.மீ. மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுக்கிற நாளிலும் துளையைத் திறந்து போடக்கூடாது; மெக்கானிக் மறுநாள் வருகிறேன் என்று போய்விட்டால் அன்றிரவே மூடி போட்டாக வேண்டும். நிரப்பிய போரை முதல் பருவமழை முடிந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண் இரண்டு மூன்று அடி உள்வாங்கியிருக்கும், மறுபடி நிரப்பிக் கெட்டிப்படுத்துங்கள்.